தெருமுனைக் கம்போடிய உணவகத்தில் எதைக் கேட்டு உண்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில், அனஹைம் தெருவுக்கு அருகே புதிதாகக் குடியேறியிருக்கிறீர்கள். நடந்து போகும் தொலைவில் எட்டு மேசைகள் மட்டுமே கொண்ட கம்போடிய உணவகம் ஒன்று இருக்கிறது. தாய்லாந்து உணவு உங்களுக்குப் பழக்கம்; கம்போடிய உணவை இதுவரை உண்டதில்லை. மனைவி மாட்டிறைச்சி உண்பதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார் சைவம். இரண்டு நாட்டு உணவும் ஒன்றுதானா, முதல் முறை போகும்போது எவற்றைக் கேட்பது என்பவை உங்கள் ஐயங்கள். நான் கம்போடியத் தலைநகரான புனோம் பென்னில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதன்பின் பதினோரு ஆண்டுகளாக உங்கள் நகரத்திலேயே வசிக்கிறேன். இந்த இரண்டு ஊர்களிலும் உண்டு பழகியதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் சம்லோர் கேளுங்கள். குழம்புக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட நீர்த்த பதார்த்தங்கள் எல்லாவற்றுக்கும் கம்போடியர்களின் கெமர் மொழியில் பொதுப்பெயர் அதுதான். ஒரு சம்லோர், சுட்டதோ வதக்கியதோ ஒன்று, பச்சைக் காய்களோடு வரும் தொடுகறி ஒன்று, நடுவில் வெள்ளைச் சோறு என்று மேசையை நிரப்பிக்கொண்டு, இருப்பவர்கள் பகிர்ந்து உண்பதுதான் அவர்கள் வீட்டு முறை. அமெரிக்காவில் அச்சிடும் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தமும் தனித்தட்டில் படமாக இருப்பதால், ஆளுக்கு ஒன்று வாங்கித் தனித்தனியே உண்ண வேண்டிய உணவு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி உண்டால் ஒருவருக்கு உப்புக் கூடுதலாகவும், இன்னொருவருக்குச் சப்பென்றும், மூன்றாமவருக்கு இனிப்பாகவும் படும். சாம்பாரை ஒருவரும் அப்பளத்தை ஒருவரும் ஊறுகாயை ஒருவரும் தனியே உண்பதைப் போன்றது அது. 'சாப்பிடுவது' என்பதற்கே கெமர் மொழியில் 'ஞாம் பாய்' என்கிறார்கள். 'பாய்' என்றால் சோறு. சந்தித்தவுடன் 'சாப்பிட்டாயிற்றா' என்று கேட்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு.

நானும் முதல் முறை தவறாகத்தான் கேட்டேன். புனோம் பென்னில் என் அலுவலகத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த சிறு கடையில், பயண நூல்கள் புகழ்ந்த அமோக் என்ற மீன் பதார்த்தத்தையும் லொக் லாக் என்ற மாட்டிறைச்சி வதக்கலையும் மட்டும் வாங்கி உண்டுவிட்டு, இது தாய்லாந்து உணவின் காரம் குறைந்த பதிப்பு என்று தீர்மானித்திருந்தேன். ஒரு மழைநாளில் வேறு வாடிக்கையாளர் எவரும் இல்லாதபோது, கடைக்கார அம்மாள் தன் குடும்பத்துக்காகச் சமைத்ததில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பூசணி, பச்சை வாழைக்காய், பலாப்பிஞ்சு, கத்திரிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் கிடந்த பச்சை நிறக் குழம்பு அது. பலாப்பிஞ்சைக் கண்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கூட்டு நினைவுக்கு வந்தது. முதல் கரண்டியிலேயே கருவாட்டு வாசம் எழுந்தது. அன்றைக்குத்தான் கம்போடிய உணவை முதன்முதலாக உண்டேன் என்று இப்போது கணக்கு வைத்திருக்கிறேன்.

அந்தப் பதார்த்தத்தின் பெயர் சம்லோர் கொர்கோ. 'கொர்கோ' என்றால் கிளறுவது. அதைத் தங்கள் நாட்டின் தேசிய உணவாகவே கருதும் கம்போடியர் பலர் உண்டு. கெளுத்தி மீனோ பன்றி இறைச்சியோ சேர்த்து, கிடைக்கிற காய்களையும் கீரைகளையும் போட்டு, பொன்னிறமாக வறுத்து இடித்த அரிசிப் பொடியால் குழம்பைத் திடமாக்குவார்கள். அந்த வறுத்த அரிசியின் வாசம்தான் ஒரு கடையின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். அரிசியை நிதானமாக வறுத்து அன்றன்றைக்கு இடிக்கிறவர் சமையலறையில் இருந்தால் கிண்ணம் மேசைக்கு வரும்போதே தெரிந்துவிடும். பொட்டலப் பொடியைக் கொட்டியிருந்தால் குழம்பு மாவுக்கஞ்சி போல் இருக்கும்.

புளிப்பு விரும்பினால் சம்லோர் மச்சு கேளுங்கள். 'மச்சு' என்றால் புளிப்பு. அதிலும் வகைகள் பல. புளியங்காய், புளியங்கொழுந்து, அன்னாசி, தக்காளி என்று புளிப்பைத் தருவது மாறும்போது குழம்பின் குணமும் மாறும். மீனும் அன்னாசியும் தக்காளியும் சேர்ந்த தெளிந்த வகை முதல் முறை உண்பவருக்கு எளிது. வள்ளைக்கீரை போட்ட 'மச்சு க்ரோங்' என்ற வகையில் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ மாட்டுக்குடலோ இருக்கும் என்பதால் உங்கள் மனைவிக்காக முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கோழியில் செய்து தருகிற கடைகளும் உண்டு. நம் புளிக்குழம்பைப் போலப் புளியும் மிளகாயும் சேர்ந்து தாக்குவதை எதிர்பார்க்காதீர்கள். மிளகாய் பெரும்பாலும் தனிக் கிண்ணத்தில்தான் வரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது வந்து சேர்வதற்கு முன்பே உருவாகிவிட்ட சமையல், வந்த பிறகும் அதைத் தலைவனாக ஏற்றுக்கொள்ளவில்லை.

தாய்லாந்து உணவோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். இரண்டுக்கும் பொதுவான பொருள்கள் ஏராளம். ஆனால் நாக்கில் நிற்பது வேறு. கம்போடியச் சமையலின் அடித்தளம் 'க்ரோங்' எனப்படும் இடித்த விழுது. எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள், காஃபிர் எலுமிச்சை இலை, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை உரலில் இட்டு இடித்து எடுப்பார்கள். எலுமிச்சைப்புல்லின் பசுமை தூக்கலாக இருந்தால் பச்சை க்ரோங், மஞ்சள் மிகுந்தால் மஞ்சள் க்ரோங், காய்ந்த மிளகாயைச் சேர்த்தால் சிவப்பு க்ரோங். அந்தச் சிவப்பிலும் நிறத்துக்காகவே மிளகாய், காரத்துக்காக அன்று. நாரத்தை இலையை இடித்துச் செய்யும் நம் வேப்பிலைக்கட்டியை உண்டு வளர்ந்தவர்களுக்குக் காஃபிர் எலுமிச்சை இலையின் மணம் அந்நியமாக இராது. தாய்லாந்துக் கறிகளில் முன்னால் நிற்கும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் இங்கே பின்னுக்குப் போய்விட, புல்லின் மணமும் கசப்பும் பதப்படுத்திய மீனின் உப்பும் முன்னுக்கு வருகின்றன.

அந்த மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்போடிய உணவைப் பாதியில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் ப்ரஹோக் என்ற அந்தப் பொருளின் முன்னால்தான் தயங்கி நிற்கிறார்கள். மழைக்காலத்தில் மேகொங் ஆறு பெருகும்போது அதன் நீர் தொன்லே சாப் என்ற துணையாற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடுகிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் தொன்லே சாப் ஏரி, வெள்ளக்காலத்தில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து காடுகளையே மூழ்கடிக்கிறது. அந்த வெள்ளக்காட்டில் மீன்கள் பெருகி, நீர் வடியத் தொடங்கும்போது கூட்டங்கூட்டமாக ஆற்று வழியே திரும்புகின்றன. அவற்றில் மிகுதியாக வருவது 'ரியேல்' என்ற சிறுமீன். தங்கள் நாணயத்தின் பெயரே இந்த மீனிலிருந்து வந்ததென்று கம்போடியர் பலர் சொல்வதுண்டு. சில வாரங்களுக்குள் வந்து குவியும் இந்த மீனை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், தலையை நீக்கி, நசுக்கி, வெயிலில் காயவைத்து, உப்பிட்டுச் சாடிகளில் அடைத்துப் புளிக்கவிட்டார்கள். மூன்று வாரத்தில் எடுப்பதும் உண்டு. மூன்று ஆண்டு வைத்திருப்பதும் உண்டு. நெல் விளைவிக்கும் உழவர்கள் பருவத்தில் மாட்டுவண்டிகளில் ஆற்றங்கரைக்கு வந்து, அரிசி கொடுத்து மீன் பெற்று, அங்கேயே ப்ரஹோக் போட்டு எடுத்துப் போகும் வழக்கம் இருந்தது.

ஆகையால் ப்ரஹோக்கை ஒரு துர்நாற்றமாகக் கருதி மூக்கைப் பிடிக்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த அறிவுரையே தேவைப்படாது. முதல் முறைக்கு ஏற்றது 'ப்ரஹோக் க்டிஸ்' என்ற தொடுகறி. 'க்டிஸ்' என்றால் தேங்காய்ப்பால். ப்ரஹோக்கைக் கொத்திய பன்றி இறைச்சியோடும் சிவப்பு க்ரோங்கோடும் தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்து, அதில் பச்சைச் சுண்டைக்காயைச் சேர்ப்பார்கள். ஆம், நம் சுண்டைக்காயேதான். சுற்றிலும் வெள்ளரி, முட்டைக்கோஸ், காராமணிக்காய், பச்சையாகவே கடித்துத் தின்னும் உருண்டைக் கத்திரிக்காய் ஆகியவை வரும். காயைத் தொட்டு ஒரு கடி, சோறு ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி உண்ண வேண்டும். தொடுகறியை மட்டும் கரண்டியால் அள்ளி உண்டு, உப்புக் கரிக்கிறதென்று திருப்பி அனுப்பிய ஒருவரை அனஹைம் தெருக் கடையொன்றில் பார்த்திருக்கிறேன். ஊறுகாயைக் கிண்ணத்தோடு குடித்தாலும் அப்படித்தான் கரிக்கும்.

கசப்பும் அவர்களுக்கு ஒரு சுவைதான்; மருந்து அன்று. பாகற்காயின் உள்ளே இறைச்சியை அடைத்துத் தெளிந்த சாறில் வேகவைத்துத் தருவார்கள். இதைவிட எனக்கு வியப்பளித்தது வேம்பு. 'ஸ்டாவ்' என்று அவர்கள் அழைக்கும் வேப்பங்கொழுந்தையும் பூவையும் வெந்நீரில் காட்டியெடுத்து, புகையில் வாட்டிய மீனோடும் புளிக்கரைசலோடும் சேர்த்து உண்கிறார்கள். பட்டியலில் அது அரிதாகவே இருக்கும். ஆனால் நகரத்துக் கம்போடியக் கடைகளில் உறைநிலையில் கிடைப்பதால், கேட்டால் சில உணவகங்களில் செய்து தருவார்கள். சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் நடுவில்தான் கெமர் புத்தாண்டும் வருகிறது. அன்றைக்கு வேப்பம்பூப் பச்சடி வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அந்தத் தட்டின் முன்னால் நான் விருந்தினனாகவே உணர்ந்ததில்லை.

அமோக்கையும் லொக் லாக்கையும் பழித்ததாக எண்ண வேண்டாம். அமோக் என்பது மீனை மஞ்சள் க்ரோங், தேங்காய்ப்பால், முட்டை ஆகியவற்றோடு கலந்து வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைப்பது. முறையாகச் செய்தால் மெத்தென்று அசையும் பதத்தில் இருக்கும். அடியில் நுணா இனத்து இலை ஒன்று லேசான கசப்போடு கிடக்கும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பல கடைகள் அதைச் சட்டியில் கிளறிக் குழம்பாகவே ஊற்றிவிடுகின்றன. "ஆவியில் வேகவைத்ததா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் வேறொன்றுக்குப் போய்விடுங்கள். லொக் லாக் மாட்டிறைச்சித் துண்டுகளின் வதக்கல். வியட்நாம் வழியாகவும் பிரெஞ்சு ஆட்சிக்கால விருப்பங்கள் வழியாகவும் வந்தது. கோழியில் கேட்டாலும் கிடைக்கும். அதில் போற்றத்தக்கது பக்கத்தில் வரும் உப்பும் மிளகும் எலுமிச்சைச் சாறும் கலந்த தொடுநீர். கம்போடியாவின் கம்போட் பகுதி மிளகு 2010-இல் அந்நாட்டிலும் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது. தெருமுனைக் கடையில் அந்த மிளகையே எதிர்பார்க்க முடியாதென்றாலும், புதிதாக நுணுக்கிய மிளகாக இருந்தால் போதும்.

உங்கள் தெருக் கடையின் பெயர்ப்பலகையில் 'தாய்' என்றோ 'சைனீஸ்' என்றோ சேர்த்து எழுதியிருந்தால் ஐயுற வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. 1950-களிலும் 1960-களிலும் லாங் பீச்சிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த கம்போடிய மாணவர்கள் இங்கே ஒரு சிறு வட்டமாக இருந்தார்கள். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கம் கம்போடியாவில் ஆட்சியைப் பிடித்து, 1979 ஜனவரியில் வீழ்வதற்குள் ஏறத்தாழ 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள். தப்பித் தாய்லாந்து எல்லை முகாம்களை அடைந்து, அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்களில் பலர், தெரிந்தவர்கள் இருந்த இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அனஹைம் தெருவின் ஒரு பகுதிக்கு நகர மன்றம் 2007-இல்தான் 'கம்போடியா டவுன்' என்று முறையாகப் பெயரிட்டது. கடை திறந்தவர்களுக்கு முதலில் வாடகை கட்ட வேண்டியிருந்தது. கம்போடிய உணவு என்றால் என்னவென்று வெளியாருக்குத் தெரியாத காலத்தில், தெரிந்த பெயர்களைப் பலகையில் எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆகையால் பட்டியலின் முதல் இரண்டு பக்கங்களிலுள்ள பாட் தாயையும் ஆரஞ்சு சிக்கனையும் தாண்டி, கடைசிப் பக்கத்துக்கோ சுவரில் கெமர் எழுத்தில் ஒட்டிய தாளுக்கோ போங்கள். எழுத்துகளைச் சற்று உற்றுப் பாருங்கள்; பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்த வரிவடிவம் அது. நமக்குப் படிக்க வராது என்றாலும் வளைவுகளில் உறவு தெரியும்.

கெமர் ரூஜ் ஆண்ட அந்த ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சமையலையும் விட்டுவைக்கவில்லை. குடும்பமாகச் சமைத்து உண்பதே தடைசெய்யப்பட்டு, பொதுக்கொட்டிலில் நீர்க்கஞ்சி ஊற்றிய காலம் அது. பெரும்பாலான வீட்டுச் சமையல், தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்ததால், சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் மாண்டபோது கைப்பக்குவமும் அவர்களோடு போயிற்று. ஒரே சம்லோர் இரண்டு கடைகளில் இரண்டு விதமாக இருப்பதற்கு வட்டார வேறுபாடு ஒரு காரணம் என்றால், அவரவர் நினைவில் மிஞ்சியதைக் கொண்டு திரும்பக் கட்டியெழுப்பினார்கள் என்பது இன்னொன்று. எனவே "இது அசலா?" என்று கடைக்காரரிடம் கேட்பது எனக்கு உவப்பில்லாத கேள்வி. "இது உங்கள் வீட்டில் செய்த முறையா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீண்ட விடை கிடைக்கும். சில வேளைகளில் கூடவே ஒரு கிண்ணமும் வரும்.

தாயாரைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சைவர்களுக்கு இது எளிதான இடமன்று. காய்கறி மட்டுமே உள்ளதாகத் தோன்றும் பதார்த்தத்திலும் மீன்சாறோ ப்ரஹோக்கோ சிப்பிச் சாறோ இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இவற்றை நீக்க வேண்டுமென்று அவர்கள் பொருள் கொள்ள மாட்டார்கள். மீன்சாறும் வேண்டாம், இறால் விழுதும் வேண்டாம், சிப்பிச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். பூண்டும் சோயா சாறும் மட்டும் சேர்த்து வதக்கிய வள்ளைக்கீரை, இஞ்சியை மெல்லிய நாராக அரிந்து டோஃபுவோடு வதக்கியது ஆகிய இரண்டையும் செய்து தருவது அவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் ஒரே வாணலியில்தான் எல்லாம் வதக்கப்படும். அதைப் பொறுக்காதவராக இருந்தால் அவருக்கு வீட்டிலேயே தயிர்ச்சோறு வைத்துவிட்டு, இனிப்புக்கு மட்டும் அழைத்துப் போங்கள்.

இனிப்பில் பனை வரும். கம்போடியாவின் தேசிய மரம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. பனம்பழக் கூழை அரிசி மாவோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் மஞ்சள் நிறப் பணியாரம் கிடைத்தால் தாயாருக்கு அதைக் கொடுங்கள். பனம்பழம் சுட்டுத் தின்ற தலைமுறைக்கு மணத்திலேயே புரியும். முட்டையும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் கலந்து முழுப் பூசணிக்குள் ஊற்றி வேகவைக்கும் இனிப்பும் உண்டு. முட்டை உண்பவராக இருந்தால் மட்டும் அது.

எப்போது போவது என்பதும் முக்கியம். காலையில் கிடைப்பவை மாலையில் கிடைப்பதில்லை. கரியில் சுட்ட பன்றி இறைச்சியை நொய்யரிசிச் சோற்றின்மீது வைத்து ஊறவைத்த வெள்ளரியோடு தரும் 'பாய் சாச் ச்ரூக்' காலை உணவு. பன்றி எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் இட்ட 'குய்தியேவ்' சீன வழி வந்தது. அதுவும் காலைக்கே உரியது. வார இறுதியில் மட்டும் பல கடைகளில் 'நொம் பான் சொக்' செய்வார்கள். புளிக்கவைத்த அரிசி மாவை அச்சில் இட்டு நேரே கொதிநீரில் பிழிந்தெடுக்கும் நூலைச் சிறு சுருள்களாக வைத்து, மேலே மீனும் பச்சை க்ரோங்கும் சேர்ந்த குழம்பை ஊற்றி, பொடியாக அரிந்த வாழைப்பூவையும் வெள்ளரியையும் தூவித் தருவார்கள். இடியாப்பமும் மீன் சொதியும் உண்டவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. விழா நாள்களில் 'சம்லோர் கரி' கிடைக்கும். கறி என்னும் நம் சொல்லே பல கைகள் மாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது; சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அதைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டியைக் கிள்ளித் தொட்டு உண்பார்கள்.

சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான். வலக்கைக் கரண்டியால் உண்டு, முள்கரண்டியால் தள்ளிக்கொள்ள வேண்டும். குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். பரிமாறுபவர் உங்களைவிடச் சற்று மூத்தவர் என்றால் 'போங்' என்று கூப்பிடுங்கள். அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொதுவான சொல். தாயார் வயதை ஒட்டியவர் என்றால் 'மிங்', அவரினும் மூத்தவர் என்றால் 'ஓம்'. நன்றிக்கு 'ஓர்குன்', அதிலுள்ள 'குன்' நமக்குத் தெரிந்த 'குணம்' தான்.

மூவரும் போகிறீர்கள் என்பதால், முதல் முறைக்கு இப்படிக் கேட்பேன்: மீன் போட்ட சம்லோர் கொர்கோ ஒன்று, ப்ரஹோக் க்டிஸ் ஒன்று, மீன்சாறில்லாத வள்ளைக்கீரை வதக்கல் ஒன்று, சோறு மூன்று. அமோக் ஆவியில் வெந்ததென்று உறுதி சொன்னால் அதையும் சேர்க்கலாம். கொர்கோ மிஞ்சினால் கட்டித்தரச் சொல்லுங்கள். மறுநாள் மதியம் சுட வைத்தால் அரிசிப் பொடி இன்னும் இறுகி, பலாப்பிஞ்சில் உப்பு இறங்கியிருக்கும்.